யூடியூப்பைக் கருப்புத் திரைக்கு மாற்றுவது எப்படி? நம் கரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

இரவில் விளக்கை அணைத்துவிட்டு யூடியூப் பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்மார்ட்போன் புதிதாகக் கைக்கு வந்தவர்கள், பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த போனில் வீடியோ பார்க்க மட்டும் பழகிக்கொண்டவர்கள், செட்டிங்ஸ் பக்கம் போனால் எதையாவது கெடுத்துவிடுவோமோ என்று பயப்படுகிறவர்கள் எல்லோரும் இதைப் படித்துக்கொண்டே செய்து பார்க்கலாம். இதில் கெட்டுப்போக எதுவும் இல்லை. மாற்றியது பிடிக்கவில்லை என்றால் அதே வழியில் போய்ப் பழையபடி வைத்துவிடலாம். பணம் கட்டத் தேவையில்லை, பிரீமியம் சந்தாவும் தேவையில்லை.

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், தேவிபட்டினம், தொண்டி, அந்தப் பக்கம் பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று நம் ராமநாதபுரம் கரை நெடுக இரவில் விழித்திருக்கிறவர்கள் அதிகம். விடியுமுன் கடலுக்குப் புறப்பட வேண்டியவர் ஒரு வீட்டில் இருப்பார். துபாயிலோ சவூதியிலோ இருக்கும் மகன் வேலை முடிந்து பேசும்வரை காத்திருக்கும் உம்மா இன்னொரு வீட்டில் இருப்பார். அங்கே நேரம் நம்மைவிட ஒன்றரை மணி, இரண்டரை மணி பின்னால் ஓடுகிறது. அதனால் இங்கே காத்திருப்பு நீள்கிறது. அந்த நேரத்தில் கையில் இருப்பது போன், அதில் யூடியூப். இருட்டு அறையில் வெள்ளைவெளேர் என்ற பக்கம் கண்ணைக் குத்தும், பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தையும் முழித்துக்கொள்ளும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்நேரமும் கருப்பாக வைத்துவிடாதீர்கள். பகலில் வெள்ளையும் பொழுது சாய்ந்ததும் கருப்பும் தானாக மாறிக்கொள்ளும்படி வைப்பதுதான் நம் ஊருக்குச் சரி. ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

மாறுவது எது, மாறாதது எது

டார்க் தீம் என்று சொல்வது, வீடியோவைச் சுற்றியுள்ள பக்கத்தின் நிறத்தை மாற்றும் வசதி. வீடியோ பட்டியல், தேடும் இடம், தலைப்புகள், கீழே வரும் கமெண்டுகள், செட்டிங்ஸ் பக்கம் இவையெல்லாம் வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்தாக இருந்தது மாறி, கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக வரும்.

ஓடும் வீடியோ மாறாது. நடுப்பகலில் எடுத்த மீன் ஏல வீடியோ, டார்க் தீமிலும் அதே வெளிச்சத்தில்தான் ஓடும். போனைக் கிடையாகத் திருப்பித் திரை முழுக்க வைத்துப் பார்க்கிறவருக்கு, வீடியோ ஓடும்போது வித்தியாசமே தெரியாது. ஷார்ட்ஸும் அப்படித்தான், அது முழுத் திரையையும் எடுத்துக்கொள்வதால் கமெண்டைத் திறந்தால் மட்டும் மாற்றம் தெரியும். டேட்டாவும் மிச்சமாகாது. ‘கருப்பாக்கினால் நெட் கம்மியா போகுமாமே’ என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. டேட்டா குறைய வேண்டுமானால் வீடியோவின் தரத்தைக் குறைக்க வேண்டும், அது வேறு வேலை.

ஆண்ட்ராய்டு போனில் செய்யும் முறை

நம் பக்கம் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு போன்தான் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். வைஃபையோ டேட்டாவோ ஓடும்போது யூடியூப்பைத் திறந்துகொள்ளுங்கள்.

1. கீழே வலது மூலையில் ஒரு சிறிய வட்டம் இருக்கும். அதில் உங்கள் படமோ, உங்கள் பெயரின் முதல் எழுத்தோ தெரியும். அதைத் தொடுங்கள்.
2. வரும் பக்கத்தில் மேலே வலது மூலையில் பல்சக்கரம் போன்ற குறி இருக்கும். அதுதான் செட்டிங்ஸ். அதைத் தொடுங்கள்.
3. பட்டியலில் ‘ஜெனரல்’ என்பதைத் தொடுங்கள்.
4. அதற்குள் ‘அப்பியரன்ஸ்’ என்று இருக்கும். போனைத் தமிழில் வைத்திருந்தால் ‘தோற்றம்’ என்று வரும்.
5. மூன்று தேர்வுகள் காட்டும்: போனின் தீமைப் பின்பற்றுவது, லைட் தீம், டார்க் தீம். வேண்டியதைத் தொட்டால் அந்த நொடியே பக்கம் மாறும். சேமிக்க என்று தனிப் பொத்தான் கிடையாது. பின்னுக்கு வந்தால் போதும்.

மூன்றாம் படியில் தடுமாறுகிறவர்கள் அதிகம், காரணம் அந்தப் பட்டியல் நீளம். மேலே நிதானமாகத் தேடுங்கள், ‘ஜெனரல்’ தொடக்கத்திலேயே கிடைக்கும். கீழே கீழே தள்ளிக்கொண்டு போக வேண்டியதில்லை.

தொட்டாலும் திரை வேலை செய்யவில்லை என்பது நம் கரையில் அடிக்கடி நடக்கிற ஒன்று. அதற்குக் காரணம் போனின் கோளாறாக இருக்க வேண்டியதில்லை. தொடுதிரை வேலை செய்வது விரலின் மின்கடத்தலை வைத்து. வலைக்கயிறு இழுத்து இழுத்து விரல்நுனி காய்ச்சுப்போய்த் தடித்திருந்தால் திரைக்கு விரல் வந்தது தெரியாமல் போகலாம். அதற்கு நேர்மாறாக, ஈரக் கையிலோ திரையிலோ உப்புத் தண்ணீர் இருந்தால் ஒரு இடத்தைத் தொட, வேறு இடம் அமுங்கும். கரைக்கு வந்த கையோடு போனை எடுத்தால் ஓரங்களில் உப்புப் படிந்து வெள்ளையாய்ப் பொருபொருவென்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை லுங்கியால் அப்படியே தேய்க்காதீர்கள். உப்பும் மணலும் சேர்ந்து கண்ணாடியில் கீறல் போடும். நல்ல தண்ணீரில் மென்மையான துணியை நனைத்து, இறுகப் பிழிந்து, ஒற்றி எடுத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். கையையும் துடைத்துவிட்டு, விரல்நுனிக்குப் பதில் கட்டைவிரலின் பக்கவாட்டுச் சதையால் தொட்டுப் பாருங்கள். அங்கே தோல் மெல்லிசாக இருக்கும். சாம்சங் போன் என்றால் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ‘டச் சென்சிட்டிவிட்டி’ என்று ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் காய்ச்சுப்போன விரலுக்கும் திரை ஓரளவு பணியும்.

மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

போனின் தீமைப் பின்பற்றும் முதல் தேர்வைத்தான் சொல்வேன். நண்பகலில் மணலில் நின்று கருப்புத் திரையைப் பார்த்திருக்கிறீர்களா? வீடியோ பட்டியல் தெரியாது, உங்கள் முகமும் பின்னால் இருக்கும் வானமும்தான் தெரியும். கருப்புப் பின்னணி அப்படியே கண்ணாடியாகிவிடும். தலைப்பு எழுத்துகளைத் தேட வேண்டியிருக்கும். வெள்ளைப் பின்னணியில் அந்த எதிரொளி அடங்கிப்போகும், கருப்பு எழுத்து எடுப்பாகத் தெரியும். நம் கரையில் நிழல் குறைவு, மணலும் தண்ணீரும் சேர்ந்து வெயிலைத் திருப்பி அடிக்கிறது. கருவாடு காயப்போடும் அக்காவுக்கும், பாசி எடுத்துக் கரையேறி உட்காரும் அம்மாவுக்கும், ஏலக்கூடத்தில் நிற்கிறவருக்கும் பகலில் லைட் தீம்தான் உதவும். ஆகவே பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று வேண்டும். தினமும் இரண்டு முறை கையால் மாற்றிக்கொண்டிருக்க யாராலும் முடியாது, போனே மாற்றட்டும்.

அதற்கு யூடியூப்பில் முதல் தேர்வை வைத்துவிட்டு வெளியே வாருங்கள். இப்போது போனின் செட்டிங்ஸுக்குள் போக வேண்டும். யூடியூப்புக்குள் இருந்த செட்டிங்ஸ் வேறு, இது வேறு. அதில் ‘டிஸ்ப்ளே’ என்பதைத் திறங்கள். சில கம்பெனி போன்களில் ‘டிஸ்ப்ளே அண்ட் பிரைட்னஸ்’ என்று இருக்கும். அங்கே லைட், டார்க் என்று இரண்டு படங்களோ, ‘டார்க் தீம்’ அல்லது ‘டார்க் மோட்’ என்று ஒரு வரியோ தெரியும். அதன் பக்கத்திலோ உள்ளேயோ நேரம் குறிக்கும் வசதி, அதாவது ‘ஷெட்யூல்’ இருக்கும். சாம்சங்கில் ‘டார்க் மோட் செட்டிங்ஸ்’ என்பதைத் தொட்டால் அது வரும்.

நேரம் குறிக்க இரண்டு வழி காட்டும். சூரியன் மறைவதிலிருந்து உதிப்பது வரை என்பது ஒன்று. நாமே மணி குறிப்பது இன்னொன்று. முதல் வழிக்குப் போனில் லொகேஷன் போட்டிருக்க வேண்டும், அப்போதுதான் நம் ஊரில் பொழுது எப்போது சாயும் என்று அதற்குத் தெரியும். லொகேஷன் போட விருப்பம் இல்லாதவர்கள் மாலை ஆறரை முதல் காலை ஆறு வரை என்று தாங்களே குறித்துவிடலாம். ஆண்டு முழுக்க நம் பக்கம் அஸ்தமனம் ஆறு, ஆறரை மணியை ஒட்டியே இருப்பதால் இதுவே சரியாக வரும்.

தனுஷ்கோடிப் பக்கம் போனால் இலங்கை நெட்வொர்க் பிடித்துக்கொண்டு வரவேற்புச் செய்தி வருவது நம் எல்லோருக்கும் பழக்கம்தான். அதனால் போனின் நேரம் மாறி இந்த ஏற்பாடு குழம்பிவிடுமோ என்று யோசிக்க வேண்டாம். 2006 முதல் இரண்டு நாட்டுக்கும் ஒரே மணிதான். ஆனால் ரோமிங்கை அணைத்து வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் பைக்காக.

போனின் தீமைப் பின்பற்றும் வசதி 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் இருக்கிறது, நேரம் குறிக்கும் வசதி சில போன்களில் 2020-ல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல்தான். ஆண்ட்ராய்டு 10-க்கு முந்திய போன் என்றால் யூடியூப்புக்குள் போய் டார்க் தீமைக் கையால்தான் போட வேண்டும். அப்படிப்பட்ட போனில் இரவு மட்டும் யூடியூப் பார்க்கிறவர் டார்க்கிலேயே விட்டுவிடலாம்.

இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. திரையின் மேல் விளிம்பிலிருந்து கீழே இழுத்தால் டார்ச், வைஃபை, புளூடூத் குறிகள் வருமே, அந்தக் கூட்டத்தில் ‘டார்க் தீம்’ குறியும் இருக்கும். தெரியாவிட்டால் பென்சில் குறியைத் தொட்டு அதைக் கொண்டுவந்து வைக்கலாம். மின்சாரம் போன அறையில் பகலிலேயே கருப்பு வேண்டும் என்றால் ஒரு தொடுதலில் மாறும்.

கருப்பு மட்டும் போதாது, வெளிச்சத்தையும் இறக்குங்கள்

இந்த இடத்தைப் பொறுமையாகப் படியுங்கள். டார்க் தீம் போட்டும் கண் கூசுகிறது என்று சொல்கிறவர்களின் போனை வாங்கிப் பார்த்தால் பிரைட்னஸ் உச்சத்தில் இருக்கும். பகலில் கரையில் பார்க்க ஏற்றியது, இரவில் இறக்காமலே கிடக்கும். வீடியோவின் வெளிச்சத்தை டார்க் தீம் தொடுவதில்லை என்று முன்பே சொன்னேன். அதைக் குறைக்கப் பிரைட்னஸைத்தான் இறக்க வேண்டும்.

மேலிருந்து இழுக்கும்போது சூரியன் குறி போட்ட ஒரு பட்டை வரும். அதை இடது பக்கம் தள்ளிக்கொண்டே வாருங்கள். இருட்டு அறையில் படம் தெளிவாகத் தெரியும், ஆனால் சுவரில் போனின் வெளிச்சம் விழாது என்ற நிலை வரும்போது நிறுத்துங்கள். ‘ஆட்டோ பிரைட்னஸ்’ போட்டுவிட்டால் சுற்றியுள்ள வெளிச்சத்துக்கு ஏற்ப போனே ஏற்றி இறக்கும். ஆனால் அதன் சென்சார் திரையின் மேல்புறம் இருக்கும். அங்கே உப்பு அப்பியிருந்தால் தப்பாகக் கணக்குப் போடும். மறுபடியும் துணிதான்.

பேட்டரிக்கு லாபம் உண்டா என்ற கேள்விக்கு, உங்கள் திரை எந்த வகை என்பதைப் பொறுத்தே பதில். விலை குறைந்த பல போன்களில் இருப்பது எல்சிடி. அதில் திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கருப்பு நிறம் காட்டும்போதும் அது அணைவதில்லை. அதனால் இந்தத் திரையில் டார்க் தீம் கண்ணுக்கு இதம் தரும், பேட்டரிக்குச் சொல்லும்படி எதுவும் தராது. ஓஎல்இடி அல்லது அமோலெட் என்று பெட்டியில் போட்டிருந்தால், அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும். கருப்பு வரும் இடத்தில் புள்ளி அணைந்தோ மங்கியோ இருக்கும், அங்கே மின்சாரம் மிச்சம். யூடியூப்பின் கருப்பு முழுக் கருப்பும் கிடையாது. முன்பு சாம்பல் கலந்திருந்ததை 2022-ல் இன்னும் அடர்த்தியாக்கினார்கள், ஆனாலும் துளி சாம்பல் மீதி இருக்கிறது.

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 2021-ல் ஓஎல்இடி போன்களில் யூடியூப் உள்ளிட்ட ஆறு ஆப்களை வைத்து அளந்து பார்த்தார்கள். பிரைட்னஸ் 30 முதல் 50 சதவீதத்தில் இருக்கும்போது டார்க்குக்கு மாறினால் சராசரியாக 3 முதல் 9 சதவீத மின்சாரம்தான் மிச்சம். பிரைட்னஸ் 100 சதவீதத்தில் இருந்தால் 39 முதல் 47 சதவீதம் மிச்சம். இரவில் நாம் எப்படியும் பிரைட்னஸைக் குறைத்துத்தான் வைக்கப்போகிறோம். ஆகவே பேட்டரியை நம்பி டார்க் தீம் போடாதீர்கள், கண்ணுக்காகப் போடுங்கள். கடலுக்குப் போகும்போது சார்ஜ் நிற்க வேண்டும் என்றால் பவர் பேங்கை ஜிப் பாலிதீன் பையில் போட்டு எடுத்துப்போவதுதான் வழி.

‘நைட் லைட்’, ‘ஐ கம்ஃபர்ட்’ என்றெல்லாம் போனில் இன்னொன்று இருக்கும். அதைப் போட்டால் திரை மஞ்சளாக மாறும். பலர் இதையும் டார்க் தீமையும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். நைட் லைட் நீலச் சாயலைக் குறைக்கிறது, பின்னணி வெள்ளையாகவே இருக்கும். இரண்டையும் சேர்த்துப் போடலாம், ஒன்றுக்கொன்று தடையில்லை.

கடலுக்குப் போகிறவர்களுக்கு

நான் இதை எழுத முக்கியக் காரணமே இந்தப் பகுதிதான். வீட்டில் வெள்ளைத் திரை ஒரு தொந்தரவு, கடலில் அது ஆபத்து.

வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தால் கண் முழுதாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் வரை ஆகும். முதல் சில நிமிடங்களிலேயே ஓரளவு தெரியத் தொடங்கும், ஆனால் மங்கலான உருவங்களைப் பிரித்துக் காட்டும் கூர்மை மெல்ல மெல்லத்தான் வரும். அப்படிப் பழகிய கண்ணுக்கு முன்னால் சில வினாடி வெள்ளைத் திரையைக் காட்டினாலும் பழக்கம் குலைந்துபோகும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அமாவாசைப் பக்கம் வடகடலில் (பாக் விரிகுடாவில்) இன்ஜினை ஓட்டிக்கொண்டு போகிறவர் பார்க்க வேண்டியது என்னென்ன? அடுத்தவர் வலையின் மிதவை, நங்கூரம் போட்டு விளக்கில்லாமல் கிடக்கும் வள்ளம், தண்ணீருக்குள் கிடக்கும் கயிறு. தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் என்றால் தீவுகளை ஒட்டிய பார்கள், அதாவது பவளப்பாறைத் திட்டுகள். இதில் எதுவும் தானாக வெளிச்சம் காட்டாது.

அதனால் சுக்கான் பிடிக்கிறவர் போனில் வீடியோ பார்க்கவே கூடாது. கருப்பாக இருந்தாலும் கூடாது. அதற்கு டார்க் தீம் மாற்றுவழி ஆகாது. படகில் ஓய்வாக இருக்கிறவர்களுக்குத்தான் இந்த ஏற்பாடு. அவர்களும் ஓட்டுகிறவரின் கண்படாத இடத்தில், முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிரைட்னஸை அடிமட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பைபர் படகில் மறைவு என்று எதுவும் இல்லை. ஒருவர் கையிலுள்ள வெள்ளைத் திரை எல்லோர் கண்ணையும் கெடுக்கும். வத்தை என்னும் சிறு படகிலும் அப்படித்தான்.

படகில் வயதில் மூத்தவர் ஒருவர் சின்னப் பையனிடம், “தம்பி, அந்த வெளிச்சத்தக் கொஞ்சம் அமத்துப்பா, முன்னால ஒண்ணும் தெரிய மாட்டேங்குது” என்று சொன்னால் அவர் சிடுசிடுக்கிறார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் கண் சொல்வது உண்மை. வயது ஏற ஏற இருட்டுக்குப் பழக இன்னும் கூடுதல் நேரம் பிடிக்கும்.

இந்த மாற்றங்களையெல்லாம் கரையில் இருக்கும்போதே செய்து முடித்துவிடுங்கள். டோக்கன் வாங்கி, ஐஸ் ஏற்றி, டீசல் ஏற்றும் அவசரத்தில் செட்டிங்ஸ் தேட முடியாது. கடலுக்குள் சிக்னல் போனபிறகும் தீம் மாறும், ஆனால் புதுப் போனில் ஆப்பை அப்டேட் செய்ய நேர்ந்தால் நெட் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் படகு பராமரிப்போடு சேர்த்து, வீட்டில் உள்ள எல்லாப் போனையும் ஒரு மாலையில் எடுத்து வைத்துக்கொண்டு மாற்றிவிடலாம். ஒரு போனில் மாற்றியது இன்னொரு போனுக்குத் தானாகப் போகாது. ஒவ்வொன்றிலும் தனியாகச் செய்ய வேண்டும்.

எல்லோருக்கும் கருப்பு ஒத்துவருமா?

வராது. கண்ணாடிச் சீட்டில் ‘சிலிண்டர் பவர்’ என்று எழுதியிருப்பவர்களுக்குக் கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து சிதறினாற்போல, ஓரத்தில் நிழல் அடித்தாற்போலத் தெரியலாம். இருட்டில் கண்மணி விரிவதால் இந்தக் குறை கூடுதலாகத் தெரியும். அவர்கள் இரவிலும் லைட் தீமிலேயே இருந்து, பிரைட்னஸை நன்றாக இறக்கி, நைட் லைட் போட்டுக்கொள்வது நல்லது. எழுத்தைப் பெரிதாக்கினாலும் உதவும். போன் செட்டிங்ஸில் டிஸ்ப்ளேக்குள் ‘ஃபாண்ட் சைஸ்’ இருக்கும்.

வெயிலிலும் உப்புக்காற்றிலும் பல வருடம் நின்றவர்கள் பலருக்குக் கண்ணின் வெள்ளையிலிருந்து கருவிழிப் பக்கம் சதை வளரும். கண் சிவந்து, நீர் வடிந்து, மணல் விழுந்தாற்போல் உறுத்தும். அதற்கும் போன் தீமுக்கும் சம்பந்தமில்லை. ‘கருப்பாக்கியும் உறுத்துகிறதே’ என்று போனோடு மல்லுக்கட்ட வேண்டாம், கண் டாக்டரிடம் காட்டுங்கள். திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடும், அதனாலும் கண் காய்ந்து எரியும். ஒரு வீடியோ முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூரத்தைப் பார்த்து நன்றாகச் சிமிட்டினால் எரிச்சல் தணியும்.

ஐபோன், கம்ப்யூட்டர், டிவி

ஐபோனிலும் யூடியூப்புக்குள் போகும் வழி மேலே சொன்னதேதான். போனின் பக்கம் மட்டும் கொஞ்சம் வேறுபடும்: செட்டிங்ஸில் ‘டிஸ்ப்ளே அண்ட் பிரைட்னஸ்’ திறந்து ‘ஆட்டோமேட்டிக்’ என்பதைப் போட்டால் பொழுது சாயும்போது கருப்பாகிவிடும். 2019-ல் வந்த ஐஓஎஸ் 13 முதல் இந்த வசதி இருக்கிறது.

கம்ப்யூட்டரிலோ லேப்டாப்பிலோ யூடியூப் தளத்தைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள உங்கள் வட்டத்தைச் சொடுக்கினால் பட்டியலிலேயே ‘அப்பியரன்ஸ்’ தெரியும். கணக்கில் நுழையாமல் பார்க்கிறீர்கள் என்றால் அதே மூலையில் மூன்று புள்ளிகள் இருக்கும், அதற்குள்ளும் இது உண்டு. குரோமில் மாற்றியது ஃபயர்பாக்ஸுக்குப் பொருந்தாது.

டிவியில் யூடியூப் கருப்புப் பின்னணியில்தான் இருக்கும். நெட்பிளிக்ஸும் ஜியோஹாட்ஸ்டாரும் போனிலேயே கருப்பாகத்தான் இருக்கும், அவற்றில் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை.

தூரத்திலிருந்து வீட்டாருக்குச் சொல்லிக் கொடுக்க

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் பல வீடுகளில் போனுக்கு வழி சொல்கிற பிள்ளை வெளிநாட்டில் இருப்பார். அவர்களுக்கு ஒரு யோசனை: பட்டியலின் பெயரைச் சொல்லாதீர்கள், இடத்தைச் சொல்லுங்கள். ‘அப்பியரன்ஸ்ல போங்க’ என்றால் உம்மா எங்கே போவார்? 

“உம்மா, கீழ, வலது கை மூலையில என்ன தெரியுது?”

“ஏம் போட்டோ தெரியுது வாப்பா.”

“அத ஒரு தடவ தொடுங்க. இப்ப மேல, அதே வலது பக்கம், பல்லு பல்லா ஒரு சக்கரம் இருக்கா?”

இப்படி ஒவ்வொன்றாக, அவர் ‘ஆமா’ என்று சொன்ன பிறகே அடுத்ததுக்குப் போனால் வழி தப்பாது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் போனைக் காதிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாகவே நேரம் போகும். உள்ளூரில் இருந்தோ வாட்ஸ்அப் அழைப்பு போகும் நாட்டில் இருந்தோ பேசுகிறீர்கள் என்றால், வீடியோ அழைப்பில் அவர் திரையைப் பகிரச் செய்து நேரடியாகப் பார்த்துக்கொண்டே சொல்லலாம். 2023-லிருந்து அந்த வசதி இருக்கிறது. அமீரகத்தில் இருந்து வாட்ஸ்அப் அழைப்பு போகாது. அங்கிருந்து செய்கிறவர்கள் தங்கள் போனில் ஒவ்வொரு படியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தொட வேண்டிய இடத்தில் வட்டம் போட்டு, வரிசையாக அனுப்பி, கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜும் வையுங்கள். முதலில் உங்கள் போனையும் வீட்டில் உள்ள போனின் மொழிக்கே மாற்றிக்கொண்டு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், இல்லையென்றால் அங்கே தெரியும் எழுத்து வேறாக இருக்கும். கூடவே லாத்தாவையோ தங்கச்சியையோ பக்கத்தில் உட்காரச் சொன்னால் இன்னும் நல்லது, அடுத்த முறை அவரே செய்துகொடுப்பார்.

அடிக்கடி வரும் சிக்கல்கள்

‘நான் எதையும் தொடவில்லை, தானாகக் கருப்பாகிவிட்டது’ என்பது ஒன்று. யூடியூப் போனின் தீமைப் பின்பற்றும்படி இருந்து, சார்ஜ் குறைந்து ‘பேட்டரி சேவர்’ விழுந்திருந்தால் பல போன்கள் தாமாகவே டார்க்குக்குப் போய்விடும். சார்ஜ் ஏற்றி பேட்டரி சேவரை எடுத்துவிட்டால் பழையபடி வரும். போன் கெட்டுவிட்டதோ என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

போன் கருப்பாகிறது, யூடியூப் மட்டும் வெள்ளையாகவே நிற்கிறது என்றால் யூடியூப்புக்குள் லைட் தீம் தேர்வாகியிருக்கும். முதல் தேர்வுக்கு மாற்றுங்கள்.

‘அப்பியரன்ஸ்’ என்ற வரியே இல்லை என்றால் ஆப் பழையது. பிளே ஸ்டோரில் யூடியூப் என்று தேடி ‘அப்டேட்’ பொத்தானைத் தொடுங்கள்.

டார்க் தீம் போட்டபின் வீடியோவின் ஓரங்களில் லேசான நிறம் கசிந்து, காட்சிக்கேற்ப மாறிக்கொண்டே இருந்தால் பயப்படாதீர்கள். அதற்கு ‘ஆம்பியன்ட் மோட்’ என்று பெயர், 2022-ல் வந்தது, டார்க் தீமில் மட்டும் வேலை செய்யும். இருட்டில் அந்த அசைவு தொந்தரவாக இருந்தால், வீடியோ ஓடும்போது அதன் மேல் தொட்டு, பல்சக்கரத்தைத் தொட்டு, கூடுதல் செட்டிங்ஸுக்குள் போய் அணைத்துவிடலாம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ‘கருப்பு யூடியூப்’, ‘விளம்பரம் இல்லாத டார்க் யூடியூப்’ என்று வாட்ஸ்அப் குரூப்களில் லிங்க் வரும். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து இறக்கச் சொல்லும் அந்த ஏபிகே கோப்புகளை, அதாவது ஆப்பை நிறுவும் கோப்புகளைத் தொடாதீர்கள். தீம் மாற்ற ஒரு ஆப்புக்கு உங்கள் மெசேஜைப் படிக்கும் அனுமதியோ, ‘ஆக்சசிபிலிட்டி’ அனுமதியோ தேவையே இல்லை. அதைக் கேட்கிற ஆப் உங்கள் ஓடிபியைத்தான் தேடுகிறது. ஏற்கெனவே இறக்கிவிட்டீர்கள் என்றால் செட்டிங்ஸில் ‘ஆப்ஸ்’ பட்டியலுக்குப் போய் அதை நீக்குங்கள். அந்தப் போனில் ஜிபேயோ வங்கி ஆப்போ இருந்தால் வேறொரு போனிலிருந்து பாஸ்வேர்டையும் பின்னையும் மாற்றிவிட்டு, வங்கிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிட்டுப் புகார் பதிய வேண்டும்.